கிட்டார் உடலளவுகள்: 00, 000, ஓஎம், ட்ரெட்நாட் என்பவை ஒரே வரிசையா?

ஆறுகம்பி:
அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்க எண்ணி விவரக்குறிப்புகளைப் படித்து வருகிறேன். ஒரு நிறுவனம் 00, 000 என்று எண்களால் குறிப்பதை மற்றொன்று கான்செர்ட், ஆடிட்டோரியம் என்கிறது. ட்ரெட்நாட், ஜம்போ ஆகியவை தனி. இவை சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் ஒரே வரிசைதானா? 000-க்கும் ஓஎம்-க்கும் (ஆர்கெஸ்ட்ரா மாடல்) படத்தில் வேறுபாடே தெரியவில்லை. நான் பெரும்பாலும் விரல்களால் வாசிப்பவன். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடிப்பது அரிது.

மரச்சுருள்:
ஒரே வரிசை அன்று. எண்கள் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் வழங்கியவை. எண் குறையக் குறைய உடல் பெரிதாகும் என்பது அவர்களுடைய பழைய முறை. 1-ஐ விடப் பெரிய உடலைச் செய்தபோது 0 என்று பெயரிட்டவர்கள், அதற்கும் மேலே போனபோது சுழியங்களையே அடுக்கினார்கள். உடலின் கீழ்ப்பாதி மிக அகன்றிருக்கும் இடத்தில் 0 பதின்மூன்றரை அங்குலம், 00 ஏறத்தாழ 14.3, 000 சரியாக 15. கான்செர்ட், கிராண்ட் கான்செர்ட், ஆடிட்டோரியம் என்பவை முறையே இம்மூன்றுக்கும் வழங்கும் பெயர்கள். ஆனால் பிற நிறுவனங்கள் அவற்றைத் தம் விருப்பப்படி கையாள்கின்றன. டெய்லர் நிறுவனத்தின் கிராண்ட் ஆடிட்டோரியம் 16 அங்குலம், அதாவது மார்ட்டினின் ட்ரெட்நாட்டை விடவும் அகலமானது!

தாழ்சுருதி:
ட்ரெட்நாட் என்பது 1906-இல் கடலில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். 1916-இல் மார்ட்டின் இவ்வடிவத்தை டிட்சன் என்ற இசைக்கடை நிறுவனத்துக்காகச் செய்து கொடுத்தது; தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது 1931-இல்தான். இதன் அகலம் 15.6 அங்குலமே என்பதால் 000-ஐ விடச் சற்றே பெரியது என்று தோன்றும். உண்மையில் உடலின் நடுவிலுள்ள இடுப்பு ஒடுங்காமல் அகன்றும் உடல் ஆழமாகவும் இருப்பதால், உள்ளே அடைபடும் காற்று மிகுந்து தாழ்ந்த சுரங்கள் ஓங்கி ஒலிக்கின்றன. கிப்சன் நிறுவனத்தின் சூப்பர் ஜம்போ ஏறத்தாழ 17 அங்குலம் இருந்தும் இடுப்பு நன்றாக ஒடுங்கியிருப்பதால் மடியில் எளிதாக அமர்கிறது. ஆகவே அகலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மரச்சுருள்:
000, ஓஎம் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. உடல் இரண்டுக்கும் ஒன்றே. அதனால்தான் படத்தில் தெரியவில்லை. வேறுபாடு கழுத்தின் உச்சியிலுள்ள நட்டிலிருந்து உடலின் மேலுள்ள சேடில் வரை கம்பி அதிரும் நீளத்தில் இருக்கிறது: ஓஎம்-இல் 25.4 அங்குலம், 000-இல் வழக்கமாக 24.9. நீளம் கூடினால் அதே சுருதிக்குக் கம்பியை இன்னும் இறுக்க வேண்டும். ஒலி தெளிவாகும், இடக்கை விரல்களுக்கு வேலையும் கூடும். பாஞ்சோக் கலைஞர் பெர்ரி பெக்டெல் கேட்டதற்கிணங்க, உடலுக்கு வெளியே 14 ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கேயுள்ள உலோகக் கம்பிகள்) அமையும்படி 1929-இல் உருவானதே ஓஎம். 25.4 அங்குல நீளம் கொண்ட 000 மாடல்களையும் மார்ட்டினே செய்வதால், பெயரை நம்பாமல் விவரக்குறிப்பில் ஸ்கேல் நீளம் எனப்படும் இந்த அளவைத் தேடிப் பாருங்கள். விரல் வாசிப்புக்கு இவ்விரண்டில் எதுவும் பொருந்தும். கம்பியை வளைத்து வாசிக்கும் பழக்கம் இருந்தால் 24.9 அங்குலத்தையே பரிந்துரைப்பேன்.