எஃப் ஓ ஜி: பெருக்கினால் ஏன் தப்பு?

குடியாத்தம் அம்மா
மகள் பத்தாம் வகுப்பு. முதல் பாடம், உறவுகளும் சார்புகளும். எஃப்(எக்ஸ்) = 3எக்ஸ் − 2, ஜி(எக்ஸ்) = எக்ஸ்² + 1 என்று கொடுத்து எஃப்∘ஜி கேட்டிருக்கிறார்கள். இவள் இரண்டையும் பெருக்கி 3எக்ஸ்³ − 2எக்ஸ்² + 3எக்ஸ் − 2 என்று எழுதி வந்திருக்கிறாள். பெருக்கலில் பிழை இல்லை, ஆனால் மார்க் பூஜ்யம். நடுவில் இருப்பது பெருக்கல் புள்ளிதானே என்று அழுகை. நான் கணக்கைத் தொட்டு இருபது வருஷம் ஆகிறது. யாராவது சொல்லுங்களேன்.

காட்பாடி டியூஷன் வாத்தியார்
அம்மா, அது புள்ளி இல்லை, காலி வட்டம். வருஷா வருஷம் நாலைந்து பிள்ளைகள் இதே இடத்தில் விழுவார்கள். ஒரு சார்பு முடித்துக் கொடுப்பதை அடுத்த சார்பு வாங்கிக்கொள்கிறது என்பதற்கான குறி அது. எஃப்∘ஜி என்றால் எஃப்(ஜி(எக்ஸ்)). எக்ஸை ஒட்டி நிற்பது ஜி, அதனால் முதல் வேலை ஜிக்குத்தான்.

முதலில் 2 போட்டுப் பாருங்கள். ஜி(2) = 5. அந்த 5 எஃப்புக்குள் போனால் 15 − 2 = 13. பாப்பா செய்த மாதிரி பெருக்கினால் 4 × 5 = 20. எங்கே தவறினாள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் எஃப்பில் எக்ஸை அழித்துவிட்டு அங்கே காலி அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள்: 3( ) − 2. அதற்குள் எக்ஸ்² + 1 முழுசாக உட்கார வேண்டும். 3(எக்ஸ்² + 1) − 2 = 3எக்ஸ்² + 1. அடைப்புக்குறி போடச் சோம்பல்பட்டால் 3எக்ஸ்² + 1 − 2 என்று எழுதி, அதிலும் மார்க் போகும்.

ஆற்காட்டுக்காரன்
எங்கள் ஊர் மக்கன் பேடாவை வைத்துச் சொல்லுங்கள் அக்கா, மறக்காது. உருண்டைக்குள் முந்திரி, திராட்சை வைத்து மூடி, பொரித்து, பிறகு பாகில் போடுவார்கள். பாகில் ஊறியதை எடுத்து எண்ணெயில் போட்டால் கருகி, சட்டியும் பாழ். ‘பாகு∘பொரி’ என்று எழுதினால் முதலில் பொரிப்பதுதான், வலப்பக்கம் இருப்பது முந்திக்கொள்ளும். திருப்பிப் போட்டால் பேடா இல்லை.

குடியாத்தம் அம்மா
பேடா வேலை செய்துவிட்டது தம்பி! ஜி∘எஃப் அவளே போட்டாள்: (3எக்ஸ் − 2)² + 1 = 9எக்ஸ்² − 12எக்ஸ் + 5. அதில் 2 போட்டால் 17 வருகிறது, 13 இல்லை.

இன்னொரு சந்தேகம் சார். எஃப்(எக்ஸ்) = எக்ஸ்², ஜி(எக்ஸ்) = √எக்ஸ். எஃப்∘ஜி வெறும் எக்ஸ் என்று வந்துவிட்டது. அப்படியானால் −4 போட்டால் −4 தானே என்கிறாள். எனக்கு ஏதோ இடிக்கிறது.

காட்பாடி டியூஷன் வாத்தியார்
இடிப்பது சரிதான் அம்மா. சுருக்கிய விடையை மட்டும் பார்த்தால் −4 உள்ளே போகலாம் போலத் தோன்றும். ஆனால் முதலில் வேலை செய்வது ஜி. மெய்யெண்களில் −4க்கு வர்க்கமூலம் கிடையாது, எஃப் வரை அது வந்து சேரவே சேராது. காட்பாடி ஜங்ஷனில் வண்டி மாற வேண்டுமென்றால் முதல் வண்டியைப் பிடித்து காட்பாடி வரைக்குமாவது வர வேண்டாமா? ஆகவே எஃப்∘ஜியின் மதிப்பகம், அதாவது உள்ளே போடக்கூடிய எண்கள், எக்ஸ் ≥ 0 மட்டும். விடையோடு இதையும் எழுதச் சொல்லுங்கள்.

திருப்பிப் போட்டால் கதை வேறு. ஜி∘எஃப்பில் −4 முதலில் 16 ஆகும், பிறகு √16 = 4. உள்ளே போனது −4, வெளியே வந்தது 4.

பதினொன்றாம் வகுப்பு, வேலூர்
சார், மூன்று சார்பு இருந்தால் எந்த இரண்டை முதலில் சேர்ப்பது?

காட்பாடி டியூஷன் வாத்தியார்
எதை வேண்டுமானாலும் தம்பி. (எஃப்∘ஜி)∘எச், எஃப்∘(ஜி∘எச்) இரண்டும் ஒன்றுதான். வரிசையில் மட்டும் கை வைக்காதே.

குடியாத்தம் அம்மா
ஜி∘எஃப்புக்கும் எக்ஸ் என்றே எழுதி வைத்திருந்தாள் சார். உங்கள் −4ஐப் பார்த்ததும் அடித்துவிட்டு இரண்டு பக்கமும் கோடு போட்டு, கழித்தல் குறியை எடுத்துவிடும் |எக்ஸ்| ஆக்கிவிட்டாள்.