வண்ணம் கரைய மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, சிவப்புக் குடை பிடித்து நிற்கும் என் மகளின் படம் ஒன்று. இடப்பக்கம் முழு வண்ணத்தில் தொடங்கி, வலப்பக்கம் போகப் போகக் கருப்பு வெள்ளையாகக் கரைய வேண்டும்.

போட்டோஷாப்பில் படத்தின் மேல் கருப்பு வெள்ளை அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (மூலப் படத்தைத் தொடாமல் நிறத்தை மாற்றும் அடுக்கு) வைத்து, அதன் மாஸ்க்கில் (அந்த மாற்றம் எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) இடமிருந்து வலமாக, கருப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் இழுத்தேன். மாஸ்க்கில் கருப்பு உள்ள இடத்தில் வண்ணம் தெரிகிறது, வெள்ளை உள்ள இடத்தில் மறைகிறது. இதுவரை சரி.

சிக்கல் நடுவில்தான். முகம் சரியாக அந்த இடத்தில் விழுகிறது. ஒரு கன்னம் பளிச்சென்று இருக்க, மறு கன்னம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது போல வெளிறிவிட்டது. அந்த லேயரில், சிவப்பு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதை மாற்றும் ஸ்லைடரை ஏற்றியதால் குடையின் வலப்பாதியும் சலவைக்காரர் கையில் சிக்கியது போல் வெளுத்துப்போனது. (அந்த ஸ்லைடரைத் தொட்டது என் தப்புதான்.) குறைத்தால் குடை இருண்டுவிடுகிறது.

முகத்தை மட்டும் மென்மையான பிரஷ்ஷால், ஒபாசிட்டியை (தீட்டும் அடர்த்தியை) பத்து சதவீதம் அளவில் வைத்து மாஸ்க்கில் தீட்டுவதா? அல்லது முதலில் இரு பக்கத்தின் வெளிச்சத்தையும் சமன் செய்வதா? செய்து பார்த்தவர்கள் எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொன்னால் போதும். மூலப் படம் தனி லேயரில் பத்திரமாக இருக்கிறது, எதையும் துணிந்து சோதிப்பேன்.