வ்யூஃபைண்டருக்குள் வந்த டாங்கி

முன்னாள் டிவி கேமராமேன், சென்னை:

கேமராவைத் தோளில் ஏற்றியதும் வலது கண் வ்யூஃபைண்டருக்குள் போய்விடும். வலப்பக்கம் முழுவதையும் கேமராவே மறைத்துக்கொள்ளும். கல்வீச்சு, தடியடி என்று போகும்போதெல்லாம் என் உதவியாளர் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வருவார். அவர் இழுத்தால் நகர்வேன், அவ்வளவுதான்.

அதனால்தான் மாஸன் டானாவின் கடைசி ஷாட்டை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை. பாலஸ்தீனத்தின் ஹெப்ரோன் நகரத்துக்காரர், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் கேமராமேன். சொந்த ஊரில் எத்தனையோ முறை அடிபட்டும் கேமராவைக் கீழே வைக்காதவர். ஈராக் போர் நடந்த 2003, ஆகஸ்ட் 17. பாக்தாத்துக்கு வெளியே அபு கிரைப் சிறை அருகே அமெரிக்க டாங்கி ஒன்று அவரை நோக்கி வருகிறது. அதைத்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சுடும் சத்தம். ஃப்ரேம் சரிகிறது. தோளில் இருந்ததை ராக்கெட் லாஞ்சர் என்று நினைத்துவிட்டோம் என்றார்கள் அமெரிக்க ராணுவத்தினர். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றலாம்தான். ஆனால் பட்டப்பகலில், நிருபர்கள் கூடியிருந்த இடத்தில்? என் மனம் இன்றுவரை ஏற்கவில்லை.

வீடியோ எடிட்டர், கோவை:

அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று நான் ஷிஃப்டில் இருந்தேன். பாக்தாத் பாலஸ்தீன் ஹோட்டல் பால்கனிகளிலிருந்து வரும் ஃபீடை, அதாவது செய்திக் காட்சிகளைத்தான் அந்த நாட்களில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். பாக்தாத்துக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் பலரும் அங்கேதான் தங்கியிருந்தார்கள். அமெரிக்க ராணுவத்துக்கும் அது தெரியும். ஜும்ஹூரியா பாலத்தில் நின்ற டாங்கி ஒரே ஒரு குண்டு சுட்டது. 15ஆவது மாடியில் ராய்ட்டர்ஸ் கேமராமேன் தாராஸ் புரோட்ஸ்யுக், அதற்குக் கீழ்மாடியில் ஸ்பெயினின் டெலிசின்கோ டிவி கேமராமேன் ஹோசே கோசோ, இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஹோட்டலிலிருந்து தங்களை நோக்கிச் சுட்டார்கள் என்றது ராணுவம். அங்கிருந்த நிருபர்கள் அப்படியொரு சத்தமே கேட்கவில்லை என்றார்கள். அந்த டாங்கி சுடுவதையே பிரெஞ்சுக் குழு ஒன்று படம்பிடித்திருந்தது.

ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி ஏஜென்சி அனுப்பும் காட்சியில் எடுத்தவர் பெயர் வராது. தாராஸ் என்றொருவர் இருந்தார் என்பதே அன்று சாவுச் செய்தியாக வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எடிட் டேபிளில் யாரும் பேசவில்லை. அன்று இரவு செய்தியில் அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

வேலைக்காக மாட்ரிட்டில் இருந்தவர்:

கோசோவின் நினைவுநாளில் அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிரே ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். கையில் அவருடைய படம், ‘ஹோசே கோசோ, போர்க்குற்றம்’ என்ற வாசகம். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் விசாரித்தேன். கோசோ செத்த மறுநாள் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் படமெடுக்க வந்தவர்கள், அப்போதைய பிரதமர் அஸ்னார் வந்தபோது எதிர்ப்பைக் காட்ட கேமராக்களைத் தரையில் வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது பெரியவர் குரல் உயர்ந்தது. எனக்கும் சிலிர்த்தது.

கோசோவின் குடும்பம் விடவில்லை. 2005இல் ஸ்பெயின் நீதிபதி, அந்த டாங்கித் தாக்குதலில் தொடர்புடைய மூன்று அமெரிக்க ராணுவத்தினருக்குக் கைது வாரண்ட் பிறப்பித்தார். அமெரிக்கா ஒருவரையும் ஒப்படைக்கவில்லை. 2014இல் வெளிநாட்டுக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தையே ஸ்பெயின் சட்டம் சுருக்கிவிட்டது. அடுத்த ஆண்டு வழக்கை மூடிவிட்டார்கள்.