ஃபார்மட்டுக்கு ஒரு சொல், நாளை மாலைக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

கேமரா கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், நாளை மாலை ஒப்படைக்க வேண்டும். எந்த மெமரி கார்டு வாங்குவது என்று சொல்லும் அத்தியாயத்தில் ஒரே வரியில் மாட்டிக்கொண்டேன். அதன் சாரம்: உங்கள் கேமரா ஏற்கும் ஃபார்மட்டில் கார்டு வாங்குங்கள், அதைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், அப்புறம் படத்தின் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது எஸ்டியா, காம்பாக்ட் ஃப்ளாஷா, சிஎஃப்எக்ஸ்பிரஸ்ஸா என்பது. இரண்டாவது கார்டைத் துடைத்துப் புதிதாக்குவது. மூன்றாவது படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமிப்பதா, ரா கோப்பாகவா என்பது. மூன்றுக்கும் 'வடிவமைப்பு' என்றே போட்டுப் பார்த்தேன், எழுதிய எனக்கே புரியவில்லை. மெமரி கார்டுக்கு 'நினைவக அட்டை' என்று வைத்திருக்கிறேன், அதில் பிரச்சினை இருக்காது.

* * *

> அதில் பிரச்சினை இருக்காது

இருக்கிறது தம்பி. நினைவகம் என்பது மெமரி மொத்தத்துக்கும் ஆன பெயர். கார்டுக்கு 'நினைவட்டை' போதும். 'நினைவு' என்பதன் கடைசி உகரம் முற்றியலுகரம், அது எப்படிக் கெடும் என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. ஆனால் அட்டை என்றதும் எனக்கு ரத்தம் குடிக்கிற அட்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது, அது வேறு விஷயம். என் விருப்பம் 'உள்ளட்டை'. உள்ளுதல் என்றால் நினைத்தல், 'உள்ளினும் தீராப் பெருமகிழ்' என்று வள்ளுவர் சொல்கிற அதே உள்ளுதல். கேமராவுக்கு உள்ளே கிடப்பதாலும் பொருந்தும்.

ஃபார்மட் செய்வதற்குப் 'பாத்திகட்டு' என்று எழுதுங்கள். வெறும் நிலத்தை வகுத்து, வருகிற கோப்பு உட்கார இடம் செய்கிறோம் அல்லவா? பகு என்பதிலிருந்து பாத்து, அதிலிருந்து பாத்தூண், பாத்தியும் அந்தக் குடும்பம்தான். 'வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று' என்ற குறளையும் இங்கே சேர்த்துப் பாருங்கள், நீர் சொரிவது படம் எடுப்பது!

* * *

ஐயா, பாத்தி அழகான சொல், ஆனால் அது பார்ட்டிஷனுக்குத்தான், அதாவது சேமிப்பிடத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பதற்குத்தான் போகும். கேமரா ஃபார்மட் செய்யும்போது பெரும்பாலும் கோப்பு அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. பழைய படங்களின் தரவு, மேலே வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும், மீட்பு மென்பொருள்கள் பிழைப்பதே அதனால்தான். உள்ளட்டை என்றால் கேமராவோடு பொதிந்து வருகிற, கழற்றவே முடியாத நினைவகம் என்று படிப்பார்கள். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

எனக்கு முதல் ஃபார்மட்தான் கவலை. 'வடிவம்' மட்டும் வேண்டாம். எஸ்டி, எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி எல்லாமே 32 × 24 மி.மீ., வடிவம் ஒன்றுதான். ஆனால் எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை, கோப்புகளை அடுக்கும் முறை ஃபேட்32. எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல் 2 டிபி வரை, எக்ஸ்ஃபேட். எஸ்டிஎச்சி 2006இல்தான் வந்தது, அதற்கு முந்தைய எஸ்டி கேமராவில் அந்தக் கார்டைச் செருகினால் சுகமாக உள்ளே போய் உட்காரும், கேமரா படிக்காது. சிஎஃப்எக்ஸ்பிரஸ்ஸில் கதை தலைகீழ். பெயர் ஒன்று, டைப் ஏ-யும் டைப் பி-யும் வேறு வேறு அளவு, ஒன்றின் துளையில் இன்னொன்று போகாது. அதே நேரம் பி-யின் உடல் பழைய எக்ஸ்கியூடி கார்டின் அதே உடல், அதனால்தான் எக்ஸ்கியூடிக்காகச் செய்த சில கேமராக்கள் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு பி-யையும் ஏற்றுக்கொண்டன. வடிவத்தைப் பார்த்து வாங்குகிறவர் இரண்டு பக்கமும் ஏமாறுவார். பேசாமல் 'அட்டை வகை' என்று எழுதுங்கள்.

* * *

வகை சரி அண்ணா, டைப்புக்கு என்ன செய்வீர்கள்? 'சிஎஃப்எக்ஸ்பிரஸ் வகையில் பி வகை' என்றா? 'தரம்' என்று போட்டால் உயர்ந்தது மட்டமானது என்று படிப்பார்கள், போதாததற்கு வி30, வி60, வி90 என்று வேகப் பிரிவுகள் வேறு பக்கத்திலேயே நிற்கின்றன. 'நியமம்' எனக்குப் பிடிக்கும், ஐயா வடசொல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

செயலுக்கு வருகிறேன். என் போனின் தமிழ்ப் பட்டியலில் 'அட்டையை வடிவமை' என்று இருந்தது. படங்களை ஏதோ ஒழுங்காக அடுக்கித் தரும் என்று நம்பி அழுத்தினேன், வகுப்பறையில் இரண்டு வருடமாக எடுத்த படங்கள் போயின. மீட்பு மென்பொருள் பற்றி எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. ஆகவே பாத்தியும் வேண்டாம் வரப்பும் வேண்டாம், 'அழித்து ஆயத்தமாக்கு' என்று எழுதுங்கள். படித்ததும் விரல் ஒரு நொடி தயங்க வேண்டும்.

* * *

அம்மா, அழியவில்லை, தரவு அங்கேயேதான் கிடக்கிறது என்று அவரே மேலே எழுதியிருக்கிறார். அழி என்பது பொய்ச்சொல். ஆயத்தமும் வடசொல்லே. 'அணியமாக்கு' என்னலாம்.

* * *

படகின் முன்பக்கத்துக்குப் பெயர் அணியம், ஐயா. கேமராவைப் படகாக்கிவிடாதீர்கள். தரவு கிடக்கிறதா இல்லையா என்பது பொறியாளர் கவலை, படம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் எனக்கு அது அழிந்ததுதான்.

* * *

எல்லோருக்கும் நன்றி, கோப்பை அனுப்பிவிட்டேன். 'நினைவட்டை'க்கு மூன்று பேர் சம்மதம், ஐயா பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். 'அட்டை வகை', 'அழித்துத் தயாராக்கு', 'கோப்பு வடிவம்' என்று மூன்று ஃபார்மட்டையும் பிரித்துவிட்டேன். டைப் பி-க்கு வேறு வழி தெரியாமல் 'பி ரகம்' என்று போட்டிருக்கிறேன்.

* * *

ரகம் தமிழில்லை. பாத்தியை நான் இன்னும் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.