கன்சோல் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது

ஈசூன்காரன்: சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய பழைய 4கே மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு, அதன் மையமான கெர்னலையும் மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்தேன், டெஸ்க்டாப் கிடையாது, எழுத்து மட்டும் ஓடும் வெறும் கன்சோல்தான். வரிக்கு 480 எழுத்து! கண்ணாடியை மாற்றுவதா, கெர்னலை மாற்றுவதா?

கோப்பி_ஓ: கெர்னலில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில், லைப்ரரி ரூட்டீன்ஸ் பகுதி உள்ளே ஃபாண்ட் தேர்வுக்கு ‘ஒய்’ போட்டால்தான் பட்டியலே விரியும். அதில் டெர்மினஸ் 16×32 (ஒரு எழுத்துக்கு 16×32 புள்ளி) ஃபாண்டை எடுங்கள், 5.0 கெர்னலிலிருந்து இருக்கிறது. புதிய கெர்னல் என்றால் பெரிய திரைக்கு அதையே தானாக எடுத்துக்கொள்ளும், ஆனால் உள்ளே சேர்த்திருக்க வேண்டும், நீங்கள் அதைத்தான் விட்டிருப்பீர்கள்.

பழையபெங்குவின்: இதற்குப் போய் கம்பைலா அண்ணே? ஃபாண்டை மாற்றித் தரும் டெபியனின் கன்சோல்-செட்டப்பை மறுபடி ஓட்டினால் ரெண்டு நிமிஷ வேலை. என்ன, பூட் ஆகும்போது முதலில் ஓடும் வரிகள் மட்டும் பொடியாகவே இருக்கும்.

ஈசூன்காரன்: அந்த வரிகளைத்தான் படிக்க வேண்டும், அதனால் கம்பைலே செய்துவிட்டேன். இப்போது 240 எழுத்து, 67 வரி. அப்புறம், தமிழ் வருமா?

கோப்பி_ஓ: வராது. ஒரு ஃபாண்டில் 512 வடிவம்தான் உச்சம், அதோடு ‘கொ’ எழுதக் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கக் கன்சோலுக்குத் தெரியாது.