மூன்றாம் லோரோங் (சந்து) குழுவில் அம்மைப் பேச்சு

*பாலர் பள்ளி டீச்சர்:* எல்லாருக்கும் வணக்கம். நம் வகுப்பில் ஒரு பையனுக்கு இன்று காலை சின்னம்மை போட்டிருக்கிறது. நேற்று முழுக்க வகுப்பில்தான் இருந்தான். காய்ச்சலோ கொப்புளமோ தெரிந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

*கோடி வீட்டுப் பாட்டி:* அம்மா வந்திருக்கிறாள், பயப்படாதீர்கள். எங்கள் வாசலில் வேப்பிலை நிறைய இருக்கிறது, வேண்டியவர்கள் பறித்துக்கொள்ளுங்கள்.

*கவின் அம்மா:* டீச்சர், கவின் அந்தப் பையன் பக்கத்திலா உட்கார்ந்திருந்தான்??

*பாலர் பள்ளி டீச்சர்:* ஒரே மேசைதான் மா. கலர் பென்சில் டப்பாகூட ஒன்றுதான். ஆனால் கவின் நன்றாகத்தானே ஓடியாடினான்.

*லோரி மாமா:* பிள்ளை என்றால் ஒரு தடவை அம்மை வரத்தான் செய்யும். வந்து போனால் அப்புறம் தொல்லை இல்லை.

*கவின் அம்மா:* மற்ற பிள்ளைக்குச் சரி மாமா, இவனுக்கு அப்படி விட முடியாது. முகமும் காலும் வீங்கி ஈப்போவில் வார்டில் சேர்த்தோமே, அது நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரகம் புரதத்தை வடிகட்டி நிறுத்தாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது, அதோடு கிருமியை எதிர்க்கிற எதிர்ப்பொருளும் சேர்ந்து போய்விடுகிறது. மிச்சம் இருப்பதை அவன் சாப்பிடுகிற பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மருந்து அடக்கி வைத்திருக்கிறது. தினமும் காலையில் புரதம் காட்டும் குச்சியைச் சிறுநீரில் முக்கிப் பார்க்கிறேன், மஞ்சளாகவே இருக்க வேண்டியது இன்றைக்கும் கரும்பச்சை. மூன்று பிளஸ்.

*கடை அண்ணன்:* எனக்குப் புரியாதது இதுதான். எதிர்ப்பு சக்தி இல்லாத பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்தா? மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்களேன். நம் கடையில் எதிர்ப்பு சக்திப் பொடி வந்திருக்கிறது, டப்பா 45 வெள்ளி, கவினுக்கு என்றால் சும்மாவே தருகிறேன்.

*டீச்சர் தங்கை (பார்மசி):* அண்ணா, நல்ல மனசு, ஆனால் பொடியைத் திறக்கவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, பாதிக்கப்படுவது அவன் சிறுநீரகம். உங்கள் கேள்வி சரியான கேள்விதான். இந்த நோயில் எதிர்ப்பு சக்தி வெறுமனே குறைந்துபோகவில்லை, வழி தவறியும் போயிருக்கிறது. சிறுநீரக வடிகட்டியில் நெஃப்ரின் என்று ஒரு புரதம் இருக்கிறது, உடம்பே அதற்கு எதிராக எதிர்ப்பொருள் செய்வதைப் பல நோயாளிகளிடம் 2022க்குப் பிறகு வந்த ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அந்தத் தாக்குதலை நிறுத்தத்தான் ஸ்டீராய்டு. தாக்குதல் நின்றால் ஒழுகலும் நிற்கும், எதிர்ப்பொருளும் உடம்பிலேயே தங்கும். சட்டென்று நிறுத்தினால் இன்னொரு ஆபத்து, இத்தனை நாள் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததால் உடம்பு அதைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும்.

*டிரெசர் தாத்தா (பழைய ஆஸ்பத்திரி உதவியாளர்):* பிள்ளை சரியாகச் சொல்கிறது. பென்சிலின் வருவதற்கு முன்னால் இந்த வீக்க நோய்ப் பிள்ளைகள் பெரும்பாலும் செத்தது சிறுநீரகத்தால் அல்ல, கிருமித் தொற்றால். கவின் அம்மா, அவனுக்கு முன்பு அம்மை வந்ததுண்டா? அம்மை ஊசி?

*கவின் அம்மா:* இரண்டும் இல்லை தாத்தா. அந்த ஊசி அரசாங்க அட்டவணையில் இல்லையே, காசு சேர்த்துப் போடலாம் என்று இருந்தோம், அதற்குள் நோய் வந்துவிட்டது. அது உயிருள்ள கிருமி ஊசி, இந்த மருந்தளவில் இப்போது போடக்கூடாது என்றார்கள்.

*டிரெசர் தாத்தா:* அப்படியானால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதே. அம்மை வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பரவும், அதனால் நேற்றைய மேசை கணக்கில் வரும். எதிர்ப்பொருளையே நேராக ஊசியில் கொடுப்பார்கள், நான்கு நாளுக்குள் போட்டால் நல்லது, பத்து நாள் வரைக்கும் போடலாம், இல்லாவிட்டால் மருந்து கொடுப்பார்கள். இப்போதே வார்டுக்குப் போன் பண்ணு. வயிற்று வலி இருக்கிறதா?

*கவின் அம்மா:* இல்லை.

*டிரெசர் தாத்தா:* வந்தால் ராத்திரி என்றாலும் தூக்கிக்கொண்டு ஓடு. வயிற்றில் தேங்கிய நீரில் நியூமோகாக்கஸ் கிருமி பிடித்துக்கொள்ளும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும், நெற்றி சுடவில்லை என்று ஏமாந்துவிடாதே.

*எதிர் வீட்டு அக்கா:* எங்கள் பாப்பாவுக்கு அடுத்த வாரம் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசி. கவினோடு விளையாடலாமா? இவனிடமிருந்து இவளுக்கு ஏதும் ஒட்டுமா?

*டீச்சர் தங்கை (பார்மசி):* அக்கா, சிறுநீரக நோய் ஒட்டாது!! பாப்பாவுக்கு ஊசி கட்டாயம் போடுங்கள், சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொண்டால்தான் கவினுக்குப் பாதுகாப்பு. அதிலிருந்து அவனுக்கு எதுவும் பரவாது. அம்மை ஊசி போட்டு உடம்பில் கொப்புளம் தெரிந்தால் மட்டும் தள்ளி இருக்கட்டும்.

*கோடி வீட்டுப் பாட்டி:* நான் வேப்பிலையோடு கவினைப் பார்க்க வரலாம் என்றிருந்தேன். எனக்கு இரண்டு நாளாகச் சளி. வரவில்லை சாமி.

*கவின் அம்மா:* வார்டில் பேசிவிட்டேன். இப்போதே வரச் சொன்னார்கள், குச்சிக் கணக்கு எழுதும் புத்தகமும் வேண்டுமாம். இவருக்கு ஆலையில் இரவு ஷிப்ட், போன் எடுக்கவில்லை.

*லோரி மாமா:* காடி என்னிடம் இருக்கிறது, பத்து நிமிடத்தில் வாசலில் நிற்பேன். ஆலை கேட்டில் நம் பையன்தான் ஜாகா (காவல்), அவனிடம் சொல்லி அனுப்புகிறேன்.

*டிரெசர் தாத்தா:* வார்டுக்குள் நுழையும் முன்னால் அம்மைப் பிள்ளையோடு இருந்தவன் என்று மிஸ்ஸியிடம் (நர்ஸ்) சொல்லிவிடு, அங்கே இவனைவிட பலவீனமான பிள்ளைகள் படுத்திருக்கும். அந்தப் பையனோடு இருந்த நாளிலிருந்து எண்ணி எட்டாம் நாள் முதல் இவனிடமிருந்து பரவக்கூடும், எதிர்ப்பொருள் ஊசி போட்டுக்கொண்டால் 28 நாள் வரைக்கும் எங்கே போனாலும் சொல்ல வேண்டும். இன்றைய பிரெட்னிசோலோன் கொடுத்தாயா?

*கவின் அம்மா:* காலையிலேயே கொடுத்தாகிவிட்டது தாத்தா. மாமா, ஹாரன் அடிக்காதீர்கள், தம்பி தூங்குகிறான், இதோ வருகிறேன்.