யார் முதலில் எக்கோ எடுக்க வேண்டும்?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

அருண் (சென்னை), இரவு 8.05
அனைவருக்கும் வணக்கம். ராஜேந்திரன் சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். தாத்தா 44 வயதில் வயலில் விழுந்து இறந்தார்; சித்தப்பா 51 வயதில் பேருந்து நிலையத்தில் விழுந்து இறந்தார். இனியும் நாம் சும்மா இருப்பது சரியல்ல. இங்கே ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., ட்ரெட்மில், சி.டி. கால்சியம் ஸ்கோர் எல்லாம் சேர்த்துக் குடும்பப் பேக்கேஜ் தருகிறார்கள். ஐந்து பேர் சேர்ந்தால் தள்ளுபடியும் உண்டு. நான் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன்.

சண்முகம், இரவு 8.14
எனக்கு 64 வயதாகிறது. இன்றும் தோட்டத்துக்கு நடந்துதான் போய் வருகிறேன். ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் வெளியே விடமாட்டார்கள். இளையவர்கள் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

கவிதா (கோவை), இரவு 8.31
அருண் அத்தான், பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும். தாத்தாவும் மாமாவும் மாரடைப்பில் போனதாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு இருந்தது என்று எந்த மருத்துவராவது சொன்னாரா? விஜயா அத்தை, இரண்டு வருடத்துக்கு முன் பழனிப் படி ஏறும்போது மாமாவுக்கு மூச்சு வாங்கியதென்று மருத்துவமனையில் காட்டினீர்களே, அந்த ஃபைல் இருக்கிறதா?

விஜயா, இரவு 8.52
இருக்கிறது, கவிதா. அப்போது ஆஞ்சியோ செய்து, அடைப்பு எதுவும் இல்லை, பயப்படாமல் போங்கள் என்றார்கள். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்; வேலை இருக்கிறது என்று உன் மாமா போகவில்லை. பி.பி. மாத்திரைகூட அவர் சாப்பிட்டதில்லை. மஞ்சள் ஃபைலில் உள்ள தாள்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.
(4 படங்கள்)

கவிதா, இரவு 9.20
மூன்றாவது படத்தைப் பாருங்கள். அது எக்கோ ரிப்போர்ட், அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்த ஸ்கேன். நடுவில் ‘ஐ.வி.எஸ்.’ என்ற வரிக்கு நேராக 22 மி.மீ. என்று அச்சாகியிருக்கிறது. இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள தசைச்சுவரின் தடிமன் அது. சாதாரணமாக அது 12 மி.மீ.யைத் தாண்டாது. பி.பி., வால்வுக் கோளாறு போன்ற வேறு காரணம் இல்லாமல் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், இதயத்தசை தடிக்கும் நோயாக இருக்கலாம் என்றே மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்பது அதன் பெயர்; ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கும். ஆனால் தடித்த தசையில் மின்னோட்டம் தாறுமாறாகி இதயம் திடீரென்று நின்றுவிடலாம். நான் எக்கோ எடுப்பவள்தான், மருத்துவர் அல்ல. ஆகையால் மாமாவுக்கு இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இந்தத் தாளை இதயநோய் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

அருண், இரவு 9.27
அப்படியானால் நான் சொன்ன பேக்கேஜ்?

கவிதா, இரவு 9.41
கால்சியம் ஸ்கோர் ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பைக் காட்டும், தசைச்சுவரை அளக்காது. இந்தச் சந்தேகம் இருக்கும்போது எக்கோ பார்க்காமல் ட்ரெட்மில்லில் ஏறி ஓடுவதும் சரியல்ல. நமக்குத் தேவையானவை இ.சி.ஜி.யும் எக்கோவும்தான்; இரண்டிலும் ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் கொழுப்பும் சர்க்கரையும் பார்ப்பது எப்படியும் நல்லது, ஆனால் அது வேறு கணக்கு.

யார் பார்க்க வேண்டும் என்பதிலும் வரிசை உண்டு. இந்த நோய் இருப்பவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வர சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. ஆகவே மாமாவின் பிள்ளைகளான பிரபுவும் மீனாவும், உடன்பிறந்தவர்களான பெரிய மாமாவும் என் அம்மாவும் முதலில் பார்க்க வேண்டும். அத்தான், முதல் ஆளாகப் பெயர் கொடுத்த நீங்கள் இந்தப் பட்டியலில் இல்லை, நானும் இல்லை. பெரிய மாமாவுக்கு இருந்தால்தான் உங்கள் முறை. என் அம்மாவுக்கு இருந்தால்தான் என் முறை. என்னை விட்டுவிடுங்கள் என்ற பெரிய மாமாதான் கட்டாயம் வர வேண்டியவர்.

கோமதி, இரவு 9.55
நான் வருகிறேன், எனக்கொன்றும் இல்லை. ஆனால் மீனாவுக்கு இப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் பெண்ணுக்கு இதயத்தில் ஏதோ இருக்கிறதாம் என்று நான்கு பேர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளக் கூடாதா?

மீனா, இரவு 10.02
அத்தை, நீங்கள் என் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அப்பா நின்ற இடத்திலேயே விழுந்தார். எனக்கும் அது இருந்து, தெரியாமலே கல்யாணமாகி, பிள்ளை உண்டான பிறகு தெரியவருவதை நான் விரும்பவில்லை. பார்த்துவிடுகிறேன். கவிதா மதினி, இருந்தால் பிள்ளை பெறவே கூடாது என்பார்களா?

கவிதா, இரவு 10.11
அப்படியில்லை, மீனா. இந்த நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு இதயநோய் மருத்துவரின் கண்காணிப்பில் நல்லபடியாகப் பிரசவம் ஆகிறது. முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் அதற்கு உதவும். அப்புறம், யாருடைய ரிப்போர்ட்டையும் இந்தக் குழுவில் போட வேண்டாம். மாமாவின் தாள்களையும் அத்தை எடுத்துவிடுங்கள். குழுவில் போட்டது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

அருண், இரவு 10.18
முதலில் ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டுப் பரிசோதித்தால் என்ன என்று கேட்கத்தான் வந்தேன். பிறகு யோசித்தால், விண்ணப்பத்திலேயே குடும்ப வரலாற்றைக் கேட்கிறார்கள். மறைத்தால் பின்னால் கிளெய்ம் நிற்காது. மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று 2024இல் குறைத்துவிட்டார்கள். ஆகவே அதற்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை.

பிரபு, இரவு 10.24
மதினி, எனக்குக் காவலர் தேர்வு வருகிறது. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். தினமும் காலையில் பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன். எக்கோ எடுக்கும்வரை ஓடலாமா?

கவிதா, இரவு 10.26
ஓடும்போது எப்போதாவது மயக்கம், நெஞ்சுவலி, கண் இருட்டல், படபடப்பு வந்ததுண்டா? மறைக்காமல் சொல்.

பிரபு, இரவு 10.33
போன வாரம் கடைசிச் சுற்றில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடாமல் ஓடியதால் என்று நினைத்து அம்மாவிடம் சொல்லவில்லை.

கவிதா, இரவு 10.36
நாளையிலிருந்து ஓடாதே. சாப்பிடாததால்கூட இருக்கலாம், ஆனால் அப்பா அப்படிப் போன வீட்டில், ஓடும்போது கண் இருட்டியதைப் பார்க்காமல் விட முடியாது. மற்றவர்கள் இந்த மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நீ காத்திருக்கக் கூடாது, நாளைக் காலையிலேயே மதுரைக்குக் கிளம்பு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவு இருக்கிறது. மாமாவின் ஃபைலை எடுத்துக்கொண்டு போ. கண் இருட்டியதையும் மைதானத்தில் என்றே சொல், பொதுவாக மயக்கம் என்று சொல்லாதே. அதற்குள் மறுபடி மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

விஜயா, இரவு 10.39
ஏன்டா சொல்லவில்லை? நானும் கூட வருகிறேன்.

சண்முகம், இரவு 10.48
இருந்தால் என்ன செய்வார்கள்? அதையும் சொல், கவிதா. ஒன்றும் செய்ய முடியாது என்றால் தெரிந்து என்ன பயன்?

கவிதா, இரவு 10.59
செய்ய நிறைய இருக்கிறது, மாமா. இருப்பவர்களில் பலர் மாத்திரையோடோ, மாத்திரைகூட இல்லாமலோ வயதாகும்வரை வாழ்கிறார்கள். ஆபத்து அதிகம் என்று கணித்தவர்களுக்கு மார்பில் ஐ.சி.டி. என்ற சிறு கருவியை வைப்பார்கள். துடிப்பு தாறுமாறானால் அது தானே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். எக்கோ நன்றாக இருந்தாலும் அதோடு மறந்துவிட முடியாது. சுவர் வயதான பிறகும் தடிக்கலாம் என்பதால் பெரியவர்களை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். நமக்கு அருகிலேயே ஒரு தகவல் உண்டு: இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில், அதன் டி.என்.ஏ. வரிசையில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதத்தினருக்கு இருக்கிறது என்று 2009இல் வெளியான ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் இருந்தார்கள். அது இருந்தாலே நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. மரபணுப் பரிசோதனையை நோய் உறுதியானவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். மாமா இல்லாததால் அதை இப்போது எடுக்க வேண்டியதில்லை.

சண்முகம், இரவு 11.10
சரி. பையனையும் விஜயாவையும் தனியாக அனுப்ப வேண்டாம், நானும் வருகிறேன். வந்த இடத்தில் எனக்கும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

கவிதா, இரவு 11.12
வேண்டாம் மாமா, மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். ஓ.பி. சீட்டு வாங்கக் கூட்டமாக இருக்கும், ஏழரைக்கெல்லாம் அங்கே இருங்கள்.